இறால் ஓட்டிலிருந்து மருந்துக்கட்டு வரை: உணவுக் கழிவில் கிடக்கும் பலபடிகள்

"இறால் ஓட்டில் செய்த பை." "ஆரஞ்சுத் தோலில் நெய்த துணி." "நண்டு ஓட்டில் இயங்கும் பேட்டரி." மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படியொரு செய்தி வந்துவிடுகிறது. அதைப் படித்தவர் மறுநாள் கடைக்குப் போனால் அங்கே வழக்கமான பாலித்தீன் உறைதான் தொங்குகிறது. குப்பையில் இவ்வளவு நல்ல சரக்கு கிடக்கிறது என்றால் அதை ஏன் யாரும் எடுத்து விற்கவில்லை? ‘மட்கும்’ என்று அச்சிட்டு விற்பவை உண்மையிலேயே மட்குகின்றனவா?

விடை காண, கழிவுக்குள் என்ன இருக்கிறது என்பதில் தொடங்கி, அதை வெளியே எடுக்க என்ன செலவாகிறது என்பது வரை போக வேண்டும். எல்லாக் கழிவையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. ஆகவே இங்கே இறால் ஓட்டை நடுவில் வைத்துக்கொள்வோம். மரவள்ளித் திப்பியும் தேங்காய்த் தண்ணீரும் ஒப்பிட வேண்டிய இடத்தில் வந்து போகும்.

## பலபடி என்பது ஒரு சரம்

பாலிமர் என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் பலபடி என்கின்றன. சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளும் சங்கிலி அது. பாலித்தீன் ஒரு பலபடி. அதன் கண்ணியான எத்திலீன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. உயிர்கள் தாமே கட்டிக்கொள்ளும் பலபடிகளுக்கு உயிரிப் பலபடிகள் என்று பெயர். பருத்தி நூல், அரிசி மாவு, பட்டு, எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

பூக்காரர் சரம் தொடுப்பதை நினைத்துப் பார்க்கலாம். பூ ஒன்றேதான், முடிச்சு மாறினால் சரத்தின் போக்கே மாறிவிடும். அரிசியின் மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோசும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையால் ஆனவை. மாவுச்சத்தில் முடிச்சு ஒரே பக்கமாக விழுவதால் சரம் சுருண்டுகொள்கிறது. வெந்நீர் உள்ளே புகுகிறது. நம் வயிறும் அதை உடைத்துவிடுகிறது. செல்லுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று கண்ணி புரண்டு நிற்பதால் சரம் நேராக நீள்கிறது. நேரான சரங்கள் அருகருகே படுத்து இறுகிக்கொள்கின்றன. உலையில் அரிசி குழைந்துவிடுகிறது. அதே உலையில் வேட்டியைப் போட்டு வேகவைத்தாலும் வேட்டி வேட்டியாகவே இருக்கிறது.

இந்தச் செல்லுலோஸ் சரத்தின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓரிடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக, நைட்ரஜன் உள்ள அசிட்டமைடு தொகுதியை வைத்தால் கிடைப்பது கைட்டின். பூச்சியின் சிறகு, வண்டின் முதுகு, நண்டு ஓடு, இறால் ஓடு, காளானின் செல்சுவர் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது இதுதான். பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ 1811இல் இதை முதன்முதலாகப் பிரித்தது காளானிலிருந்துதான். கடலுக்குள் தேடியது பிறகு.

அந்தத் தொகுதியில் நைட்ரஜனை மறைத்து நிற்கும் அசிட்டைல் பகுதியை நீக்கிவிட்டால் நைட்ரஜன் வெளியே வந்து நிற்கும். அப்போது அதன் பெயர் கைட்டோசான். பெயரில் ஓரெழுத்து ஈரெழுத்து மாற்றம்தான். குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கைட்டினைச் சாதாரணக் கரைப்பான் எதிலும் கரைக்க முடியாது. கைட்டோசான் சமையலறை வினிகரிலேயே கரைந்துவிடும்.

## எல்லாக் கழிவும் ஒரே கழிவு ஆகாது

2022ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் இது 19 சதவீதம். இதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. இந்த எண்ணை எடுத்துப் போட்டு, "இவ்வளவையும் பிளாஸ்டிக்காக மாற்றலாம்" என்று எழுதுவது எளிது. ஆனால் பொருள் செய்கிறவரின் கண்ணுக்குக் கழிவு இரண்டு வகை.

1. கலந்த கழிவு. வீட்டுக் குப்பைக் கூடையில் மீந்த சோறு, முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள், தேயிலைத் தூள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மாவுச்சத்தும் செல்லுலோசும் புரதமும் அதில் உண்டு. ஆனால் ஒன்றை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் செலவு, எடுத்த பொருளின் விலையைத் தாண்டிப் போய்விடும்.

2. ஒற்றைக் கழிவு. ஓர் ஆலையில் ஒரே பொருளைப் பதப்படுத்தும்போது, ஒரே இடத்தில், ஒரே மாதிரியாகக் குவிவது. பழச்சாறு ஆலையின் தோல், கொப்பரைக் களத்தில் உடைத்து ஊற்றும் தேங்காய்த் தண்ணீர், இறால் உரிக்கும் கூடத்தின் தலையும் ஓடும் இந்த வகை.

உயர்தரப் பொருளாக மாறியவை பெரும்பாலும் இரண்டாம் வகைதான். அதுவும் இன்று நேற்று நடப்பதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் ஆப்பிள் சக்கையிலிருந்தும் ஜாமை உறையவைக்கும் பெக்டினை எடுப்பது ஏறத்தாழ நூறாண்டுத் தொழில். புகைப்படச் சுருள் புழக்கத்தில் இருந்த காலமெல்லாம் அதன்மேல் பூசியிருந்தது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின். அப்போது யாரும் அதைப் ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

கழிவு என்ற சொல்லும் சில சமயம் ஏமாற்றும். சேலம், நாமக்கல் வட்டாரச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் நார்ச் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதில் மாவுச்சத்தும் நன்றாகவே தங்கியிருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் அது ‘வீணாகும் மூலப்பொருள்’. ஊரில் அதைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். திப்பியில் தட்டு செய்ய வருகிறவர் முதலில் மாட்டோடு போட்டி போட வேண்டும்.

இறால் ஓட்டுக்கு அப்படிப்பட்ட உறுதியான வாங்குநர் குறைவு. கொஞ்சம் காய்ந்து கோழி, மீன் தீவனத்துக்குப் போகிறது. மீதி குழிக்கோ கடலுக்கோ போகிறது. இந்தியா 2023-24இல் ஏற்றுமதி செய்த உறைந்த இறால் 7 லட்சம் டன்னுக்கும் மேல். பெரும்பகுதி ஆந்திரப் பண்ணைகளில் வளர்ந்தது. தலை கிள்ளி, தோல் உரித்து அனுப்பும் இறாலில் சதை கப்பலேறுகிறது. தலையும் ஓடும் இங்கேயே தங்கிவிடுகின்றன. முழு இறாலின் எடையில் இவை ஏறக்குறைய பாதி.

## ஓடு கைட்டோசானாக மாறும் வழி

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிங் யான், ஷி சென் இருவரும் 2015இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் நண்டு, இறால், சிங்கி இறால் ஓடு உலகெங்கும் கழிவாகிறது என்பது அவர்கள் கணக்கு. ஓட்டில் என்னென்ன இருக்கின்றன என்பதையும் அவர்கள் தொகுத்தார்கள்: புரதம் 20 முதல் 40 சதவீதம், கால்சியம் கார்பனேட் எனும் சுண்ணாம்பு 20 முதல் 50, கைட்டின் 15 முதல் 40. எண்களின் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். நண்டு ஓடு சுண்ணாம்பு மிகுந்தது, இறால் ஓடு புரதம் மிகுந்தது. வகை மாறினால், பருவம் மாறினால், தலை அதிகமா ஓடு அதிகமா என்பது மாறினால் எண்ணும் மாறும்.

மூன்றும் தனித்தனி அடுக்காக இருந்தால் உரித்து எடுத்துவிடலாம். அப்படி இல்லை. கைட்டின் இழைகளைப் புரதம் சுற்றியிருக்கிறது. அந்தப் பின்னலின் இடுக்குகளில் சுண்ணாம்பு இறுகியிருக்கிறது. கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றியதுபோல. கம்பியை மட்டும் சேதமில்லாமல் வெளியே எடுப்பதுதான் வேலை. ஆலைகளில் அது இப்படி நடக்கிறது:

1. கழுவி அரைத்தல். ஓடு வந்த சில மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உலர்த்தவோ உறையவைக்கவோ வேண்டும். நம் வெயிலில் அரை நாள் போட்டுவிட்டால் நாற்றம் மட்டுமில்லை, நுண்ணுயிர்கள் சரத்தையே வெட்டத் தொடங்கிவிடும்.

2. சுண்ணாம்பு நீக்கல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைப்பார்கள். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நுரை பொங்கும். அது கார்பனேட் உடைந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு. நுரை அடங்கும்போது ஓடு தன் விறைப்பை இழந்து வளையத் தொடங்கியிருக்கும்.

3. புரதம் நீக்கல். காஸ்டிக் சோடா என்ற காரத்தின் நீர்த்த கரைசலில் சூடாக்குவார்கள். புரதம் கரைந்து பழுப்பு நீராகப் போய்விடும்.

4. நிறம் நீக்கல். இறாலைச் சட்டியில் போட்டதும் செந்நிறமாவதைப் பார்த்திருப்போம். அஸ்டாசாந்தின் என்ற நிறமி உயிருள்ள இறாலில் புரதத்தோடு பிணைந்து மங்கலாகத் தெரியும். சூட்டில் புரதம் குலைந்ததும் உண்மை நிறம் வெளிப்படும். அந்த நிறமியை இங்கே எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெண்ணிறக் கைட்டின்.

5. அசிட்டைல் நீக்கல். 40 முதல் 50 சதவீத அடர் காஸ்டிக் சோடாவில், ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம். இதன் பிறகுதான் அது கைட்டோசான். ஒவ்வொரு படிக்குப் பிறகும் அமிலமும் காரமும் போகும்வரை நீரில் கழுவ வேண்டும்.

கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம். ஈரமான ஓடு 100 கிலோ என்றால் அதில் முக்கால் பங்கு தண்ணீர். உலர்ந்த 25 கிலோவில் கைட்டின் ஐந்தாறு கிலோ தேறலாம். கைட்டோசானாக முடியும்போது நான்கைந்து கிலோ. அதாவது ஒரு கிலோவுக்கு 20, 25 கிலோ ஈர ஓட்டை அள்ளி வந்து அழுகாமல் காக்க வேண்டும். தண்ணீர்ச் செலவு ஒரு கிலோவுக்கு ஒரு டன்னுக்கு மேல் என்கிறார்கள் நிங் யானும் ஷி சென்னும். மூலப்பொருள் இலவசம் என்ற மகிழ்ச்சி இந்த வரியோடு கரைந்துவிடும்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாதது. கைட்டோசான் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. அசிட்டைல் எத்தனை சதவீதம் நீங்கியது, சரம் எவ்வளவு நீளம் என்ற இரண்டு அளவுகளால்தான் அதன் தரம் தீர்மானமாகிறது. காரத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடந்தால் சரம் குட்டையாகிவிடும். கரைசல் கஞ்சியாக இருக்க வேண்டியது வடிநீராகிவிடும். போன மாதச் சரக்கும் இந்த மாதச் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மருந்து நிறுவனம் கேட்கும். இறால் அப்படி உறுதி எதுவும் கொடுப்பதில்லை.

## நேர்மின்னேற்றம் செய்யும் வேலை

இவ்வளவு பாடுபட்டு எடுப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? வெளியே வந்து நிற்கும் அந்த நைட்ரஜன் இருக்கிறது. சற்றே அமிலத்தன்மை உள்ள நீரில் அது ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னேற்றம் பெறும். இயற்கைப் பலசர்க்கரைகளில் பெரும்பாலானவை மின்னேற்றம் இல்லாதவை, அல்லது பெக்டினைப் போல எதிர்மின்னேற்றம் உள்ளவை. நேர்மின்னேற்றம் அரிது. உயிருலகில் செல்லின் மேற்பரப்பு, களிமண் துகள், பாக்டீரியாவின் சுவர் என்று எதைத் தொட்டாலும் அது எதிர்மின்னேற்றம் கொண்டதாகவே இருக்கிறது. கைட்டோசான் இவை எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்கிறது. அதன் நல்ல பயன்கள் அனைத்துக்கும் வேர் இது ஒன்றுதான்.

முதலில் இரத்தம். சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. காயத்தில் கைட்டோசான் மருந்துக்கட்டு வைத்து அழுத்தினால் சிவப்பணுக்கள் அதில் வந்து அப்பிக்கொண்டு அடைப்பாகின்றன. உடலின் இயல்பான உறைதல் நிகழ்ச்சியை இது சார்ந்திருப்பதில்லை; ஆகவே இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரிடமும் வேலை செய்யும். ஹெம்கான் என்ற கைட்டோசான் கட்டுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் அனுமதி கொடுத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படையினர் அதை எடுத்துச் சென்றார்கள். இந்தியாவிலும் ஆக்சியோஸ்டாட் என்ற பெயரில் இவ்வகைக் கட்டு தயாராகிறது. ஒரு கட்டுக்குத் தேவைப்படுவது சில கிராம் கைட்டோசான். கிலோ என்ன விலை என்பது இங்கே பெரிதாக உறைப்பதில்லை.

அடுத்தது கலங்கல் நீர். கிராமத்தில் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் இழைத்துக் கலங்கலைத் தெளியவைப்பார்கள். நகரத்துக் குடிநீர் நிலையத்தில் படிகாரம் போடுவார்கள். கைட்டோசானும் மண் துகள்களைக் கோத்துத் திரளாக்கிக் கீழே இறக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டுமான இடங்களில் தேங்கும் சேற்று நீரைத் தெளியவைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே ஒரு கண்டிப்பும் உண்டு: தெளிந்த நீரில் கைட்டோசான் மிஞ்சி ஆற்றுக்குப் போய்விடக் கூடாது. மண்ணில் ஒட்டும் அதே மின்னேற்றம் மீனின் செவுளிலும் ஒட்டும். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பழத்தின்மேல் மெல்லிய பூச்சாகத் தடவினால் பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும். விதைக்கும் அப்படியே.

பேட்டரிச் செய்தி எங்கிருந்து வந்தது? மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூவின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்விலிருந்து. அது நண்டு ஓட்டில் ‘இயங்கும்’ பேட்டரி இல்லை. மின்சாரத்தைச் சேமிப்பது துத்தநாகம். இரண்டு முனைகளுக்கும் நடுவே அயனிகள் நீந்திச் செல்லும் கூழ்மம் மட்டும் கைட்டோசானால் ஆனது. துத்தநாகப் பேட்டரியில் ஏற்றி இறக்கும்போது உலோகம் முள்முள்ளாக வளர்ந்து பேட்டரியைக் கெடுக்கும். இந்தக் கூழ்மம் துத்தநாகத்தைச் சமமாகப் படியவைத்தது. 1000 சுற்றுக்குப் பிறகும் 99.7 சதவீத ஆற்றல் திறன் இருந்ததாகவும், கூழ்மம் மண்ணில் ஐந்து மாதத்தில் மட்கியதாகவும் குழு அறிவித்தது. ஆய்வகத்தில் கிடைத்த நல்ல முடிவு. கடையில் வாங்கும் பேட்டரியாவது வேறு பயணம்.

## பைக்கு ஏன் ஒத்துவராது

செய்திகளில் அதிகம் வருவது பை. இந்தப் பொருளுக்குச் சற்றும் பொருந்தாததும் பைதான். காரணங்கள் மூன்று.

முதலாவது, கைட்டோசான் உருகாது. பாலித்தீன் பை செய்யும் எந்திரம் உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றூதி பலூன் போல விரித்து நிமிடத்துக்குப் பல மீட்டர் இழுத்துவிடும். கைட்டோசானைச் சூடாக்கினால் உருகும் நிலைக்கு வருவதற்கு முன்பே கருகிவிடும். ஆகவே அமில நீரில் கரைத்து, ஊற்றி, உலர்த்தித்தான் படலம் எடுக்க வேண்டும். கூழ் வடகம் ஊற்றியவர்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்: பதம் தவறினால் விரிசல், வெயில் ஏறினால் ஓரம் சுருளும். கரைசலில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் கைட்டோசான்; அதற்கு மேல் போனால் ஊற்ற முடியாத அளவுக்குக் கெட்டியாகிவிடும். மீதித் தண்ணீரை எல்லாம் ஆவியாக்க வேண்டும். எரிபொருள் யார் கணக்கில்?

இரண்டாவது, தண்ணீர். நீரை விரும்பும் சரம் நீரைக் கண்டதும் ஊறும். மாவுச்சத்துப் படலங்களுக்கு இது இன்னும் மோசம். கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி காலையில் மடிப்புக் கலையாமல் நிற்கும். வியர்வை பட்டதும் துவண்டுவிடும். கிளிசரின் சேர்த்து இளக்கினால் சில வாரம் நன்றாக இருக்கும். பிறகு சரங்கள் மெல்லமெல்ல மீண்டும் நெருங்கிப் படுக்க, படலம் நொறுங்கத் தொடங்கும். நேற்றைய இட்லி இன்று விறைத்துப்போவதும் இதே வேதியியல்.

மூன்றாவது, விலை. ஒரு மணி நேரம் காய்கறி தூக்கிவிட்டுக் குப்பைக்குப் போகும் பொருளுக்கு, அமிலக் குளியலும் காரக் குளியலும் கண்ட சரக்கைச் செலவிடுவதில் நியாயம் இல்லை.

கெட்டியான பொருள்களில் வாய்ப்பு கூடுதல். ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் ஹாவியர் ஃபெர்னாண்டஸும் டொனால்ட் இங்பரும் பூச்சியின் மேலோட்டைப் பார்த்து, கைட்டோசானையும் பட்டுப் புரதத்தையும் அடுக்கடுக்காக வைத்து ஒரு பொருளைச் செய்தார்கள். 2011இல் அறிவிக்கப்பட்ட அதற்கு ஷ்ரில்க் என்று பெயர். அலுமினியக் கலவைக்கு ஒப்பான வலிமை, பாதி எடை என்றார்கள். ஆனால் பட்டு விலை உயர்ந்தது. 2014இல் பட்டை விட்டுவிட்டுக் கைட்டோசானை மட்டும் வைத்து அச்சில் வார்த்துச் சதுரங்கக் காய்கள் செய்தார்கள். நீர் ஆவியாகும்போது காய் சுருங்கி உருக்குலைவதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. மரத்தூளைக் கலந்ததும் அது கட்டுக்குள் வந்தது. அந்தப் பொருளைச் சேர்த்த மண்ணில் மூன்றே வாரத்தில் தட்டைப்பயறுச் செடி வளர்ந்ததையும் காட்டினார்கள். பிறகு ஃபெர்னாண்டஸ் சிங்கப்பூருக்குப் போய்க் கணக்கைத் திருப்பிப் போட்டார்: மலிவான செல்லுலோசுதான் உடல், கைட்டோசான் சிறிதளவு, பசை மாதிரி. எனக்கு அவர் செய்தவற்றில் இதுவே முக்கியமாகப் படுகிறது. அரிதானதைக் கொஞ்சமாகவும் மலிவானதை நிறையவும் போடுவது எல்லாச் சமையலுக்கும் பொருந்தும் கணக்கு.

## பாக்டீரியாவிடம் ஒப்படைக்கும் வழி

இருக்கும் சரத்தைப் பிரித்தெடுப்பது ஒரு வழி என்றால், கழிவை நுண்ணுயிருக்குத் தீனியாகக் கொடுத்துப் புதுச் சரம் கட்டச் சொல்வது இன்னொரு வழி.

முற்றிய தேங்காயின் தண்ணீரில் சில வகைப் பாக்டீரியாவை விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் மேலே வெண்மையான, வழவழப்பான ஆடை படியும். அது தூய செல்லுலோஸ். மரத்தின் செல்லுலோசைப் போல, மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினோடு பின்னியிருக்காது. பிலிப்பைன்ஸ் மக்கள் இதையே துண்டு போட்டுச் சர்க்கரைப் பாகில் ‘நாட்டா டி கோகோ’வாகச் சாப்பிடுகிறார்கள். சோனி நிறுவனம் 1989இல் வெளியிட்ட உயர்விலை ஹெட்போன் ஒன்றில் ஒலித்தகடு இவ்வகைச் செல்லுலோசால் ஆனது. கேரளத்தில் தேங்காய் ஆலைகளின் தண்ணீரைக் கொண்டு ‘மலாய்’ என்ற பெயரில் தோலுக்கு மாற்றான விரிப்புகள் செய்கிறார்கள். பொள்ளாச்சி, காங்கேயம் கொப்பரைக் களங்களில் மண்ணில் ஊற்றிவிடும் தண்ணீரும் இதே சரக்குதான்.

கலந்த வீட்டுக் கழிவுக்குக் கொஞ்சமாவது வழி உண்டென்றால் அது இந்தப் பக்கம்தான். கழிவைக் காற்றில்லாமல் நொதிக்கவிட்டால் சிறு கொழுப்பமிலங்கள் உருவாகும். அதைத் தின்னும் சில பாக்டீரியா, நாம் உடம்பில் கொழுப்பு சேர்ப்பதுபோலத் தம் உடலுக்குள் பாலியெஸ்டர் மணிகளைச் சேமிக்கும். பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான் 1920களில் கண்டது இது. இந்தக் குடும்பத்துக்கு பி.எச்.ஏ. என்று சுருக்கப் பெயர். இது உருகும், ஆகவே பிளாஸ்டிக் எந்திரத்தில் ஓடும். மண்ணிலும் கடலிலும்கூட மட்கும். நூறாண்டாகத் தெரிந்தும் பாலித்தீனை அசைக்க முடியாததற்குக் காரணம் விலை.

## மூன்று சொற்களைப் பிரித்து வைப்போம்

விளம்பரங்கள் மாற்றி மாற்றிப் போடும் சொற்கள் மூன்று.

1. உயிரிமூலம்: எதிலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லும். பிரேசிலில் கரும்பு எத்தனாலிலிருந்து 2010 முதல் பாலித்தீன் செய்கிறார்கள். கரும்பில் பிறந்தாலும் அது பாலித்தீனேதான், மட்காது.

2. உயிர்வழிச் சிதைவு: நுண்ணுயிர் அதைத் தின்னுமா என்பது. பி.பி.ஏ.டி. என்ற பிளாஸ்டிக் பெட்ரோலியத்தில் பிறந்தது, ஆனாலும் சிதையும். எங்கே, எத்தனை நாளில் என்று சொல்லாவிட்டால் இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

3. உரமாகும் தன்மை: இதற்கு மட்டும் தெளிவான அளவுகோல் உண்டு. ஐ.எஸ்.ஓ. 17088 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி, உரக்கூட நிலையில், ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில், 180 நாளுக்குள் 90 சதவீதக் கார்பன் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும்.

இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை வந்தபோது, மூன்றாவது வகைக்கு விலக்கு கிடைத்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று வேண்டும். சட்டம் சரியாகவே இருக்கிறது. ஆனால் 58 டிகிரி என்பது உரக்கூடத்தின் சூடு. சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டிலோ மழைநீர் வடிகாலிலோ அந்தச் சூடு ஆறு மாதம் நிலைத்திருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

தூய கைட்டோசானுக்கு இந்தக் கவலை குறைவு. கடலில் ஆண்டுதோறும் உதிரும் கைட்டின் அளவிட முடியாதது. அது கடலடியில் மலையாகக் குவியாமல் இருப்பதற்குக் காரணம் அதைத் தின்னும் பாக்டீரியா எங்கும் இருப்பதுதான். ஆனால் நீரில் ஊறாமல் இருக்க வேதிப்பொருளால் சரங்களைக் குறுக்கே பிணைத்தாலோ, பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டினாலோ அந்தக் குணம் கெட்டுவிடும். ‘இறால் ஓட்டுப் பொருள்’ என்று பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, கூட வேறு என்ன சேர்த்தார்கள் என்பது.

## இடிக்கும் இடம்

ஐஸ்லாந்தின் வடக்குக் கரையில் சிக்லுஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊர் இருக்கிறது. அங்கே 1990களின் இறுதியிலிருந்து ஓர் ஆலை வட அட்லாண்டிக் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்துவருகிறது. ஒரே இனத்து இறால், குளிர்ந்த ஊர், தாராளமான நன்னீர், மலிவான மின்சாரம். இந்த நான்கில் எத்தனை நம் கடற்கரையில் உண்டு என்று எண்ணிப் பார்த்தால் தொழில் ஏன் இங்கே தயங்குகிறது என்பது விளங்கும். இறால் நம்மிடம் தாராளம். ஓடு அழுகும் வேகமும் தாராளம்.

தண்ணீரைவிடப் பெரிய சிக்கல் கழிவுநீர். அமிலத்தையும் காரத்தையும் ஒன்றோடொன்று சமன் செய்தால் கிடைப்பது உப்பு. உப்பு நீரை எங்கே விடுவது? நொய்யலில் சாயக் கழிவு கலந்து, 2011இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட கதை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஓட்டுக் குப்பையை ஒழித்து உப்பாற்றைத் திறந்துவிட்டால் அதில் லாபம் என்ன?

ஆகவே ஆய்வு இப்போது இரண்டு பக்கம் நகர்கிறது. ஒன்று, ஓட்டையே விட்டுவிடுவது. சிட்ரிக் அமில ஆலைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். அமிலத்தை எடுத்தபின் மிஞ்சும் பூஞ்சைத் திரளிலும் கைட்டின் உண்டு. அதில் சுண்ணாம்பு இல்லை, இறால் ஒவ்வாமை பற்றிய பயமும் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு நிறுவனம் இந்த வழியில் கைட்டோசான் விற்கிறது. இரண்டாவது, அமிலக் குளியலுக்குப் பதில் புளிக்கவைப்பது. அரைத்த ஓட்டில் வெல்லப்பாகு போன்ற சர்க்கரையைச் சேர்த்து, பாலைத் தயிராக்கும் குடும்பத்துப் பாக்டீரியாவை விடுகிறார்கள். அவை சுரக்கும் லாக்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அமிலம் ஏறியதும் அழுகலும் நிற்கிறது. நொதிகள் புரதத்தை வெட்டுகின்றன. வடியும் நீர் சாக்கடைக்குப் போகாமல் தீவனமாகிறது. மணிக்கணக்கில் முடியும் வேலைக்கு நாள்கணக்கு ஆகிறது. சுண்ணாம்பு கொஞ்சம் தங்கிவிடுகிறது. கடைசியில் சிறிது அமிலம் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் உரிக்கும் கூடத்தின் கொல்லையிலேயே தொட்டி வைத்துச் செய்ய முடியும். ஈர ஓட்டை நூறு கிலோமீட்டர் லாரியில் ஏற்ற வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது ஐந்தாவது படி. அசிட்டைல் தொகுதியை நீக்கும் நொதிகள் பூஞ்சைகளிடம் உண்டு. ஆய்வகங்கள் அவற்றைப் பிரித்தும் எடுத்துவிட்டன. ஆனால் கைட்டின் சரங்கள் இறுகிப் படுத்திருக்கும் இடுக்குக்குள் பெரிய நொதி மூலக்கூறு நுழைய முடிவதில்லை. மேற்பரப்பில் உள்ளதை மட்டும் சுரண்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதனால் பெரும்பாலான ஆலைகளில் அந்த ஒரு படிக்கு இன்னும் கொதிக்கும் காஸ்டிக் சோடாதான்.